கார் மாடலுக்கான சாமான் ஃபேன்ஸி ஸ்டோரிலேயே இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முன் ஞாயிறு இணைப்பில் ஸ்கேல் மாடல் கார் கட்டுவதைப் பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். வீட்டுக்கு வரும் பேப்பரில் இந்த விஷயம் பற்றி ஒரு வரி வருவதே அபூர்வம், காபி ஆறிப்போனதுகூடத் தெரியாமல் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் பக்கத்து ஓரத்தில் 'தேவையான கருவிகள்' என்று ஒரு பெட்டி கட்டி, எல்லாமே வெளிநாட்டுப் பெயர், எல்லாமே ஆயிரத்துக்கு மேல் விலை என்று போட்டீர்களே, அங்கேதான் எனக்கு மனத்தாங்கல். அதைப் படித்துவிட்டுப் போன ஞாயிறு ஒரு வாசகர் 'இதெல்லாம் காசு கொழுத்தவர்கள் விளையாட்டு' என்று எழுதியிருந்தார். அவர் மேல் தப்பே இல்லை, அந்தப் பெட்டியை மட்டும் பார்த்திருந்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

நான் கோயம்புத்தூரில் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவன். பதினொரு வருடமாகப் பிளாஸ்டிக் கார் கட்டுகிறேன். உங்கள் பட்டியலில் இருந்த பதினான்கு சாமானில் என்னிடம் இருப்பது மூன்றுதான். மீதி எல்லாம் எங்கிருந்து வந்தது என்றால், பெரியகடை வீதிப் பக்கத்து ஃபேன்ஸி ஸ்டோர், தையல் சாமான் கடை, மோட்டார் காயில் கட்டும் கடை, அப்புறம் என் மனைவியின் ஆரி எம்பிராய்டரி டப்பா. கடைசியாகச் சொன்ன இடத்திலிருந்து எடுத்ததெல்லாம் அனுமதியோடு எடுத்தது என்று சொல்ல முடியாது.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கிட் என்று டப்பாவில் வருவது பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் வார்த்த பாகங்கள். கொப்பில் காய் தொங்குவது மாதிரி ஒரு சட்டத்தில் தொங்கும், அந்தச் சட்டத்துக்கு ஸ்ப்ரூ என்று பெயர். நறுக்கி எடுத்து, தேய்த்து, பெயின்ட் அடித்து, ஒட்ட வேண்டும். காருக்கு அதிகம் புழங்குவது 1/24 அளவு, நிஜத்தில் ஒரு அடி என்றால் மாடலில் அரை அங்குலம். இப்போது என் மேஜையில் இருக்கும் 1966 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரையே எடுத்துக்கொள்ளுங்கள். நிஜக் காரில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 2400 மில்லிமீட்டர். 24ஆல் வகுத்தால் கச்சிதமாக 100, பள்ளிக்கூடத்து அளவுகோலில் பத்து சென்டிமீட்டர். முழுக் காரும் ஒரு சாண் வராது. கதவுக் கைப்பிடி ஒரு பாசுமதி அரிசி அளவு.

அரிசி அளவு சாமானைப் பிடிக்கணும், தேய்க்கணும், அதன் மேல் புள்ளி வைக்கணும், அதுதான் மொத்த வேலையும். இந்த அளவில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் நம்மூரில் யார் என்று யோசித்துப் பாருங்கள். நகத்தில் பூ வரைகிற பெண், ஜாக்கெட்டுக்கு ஆரி போடுகிறவர், தங்க ஆசாரி, வாட்ச் ரிப்பேர்காரர். நகம் என்பது ஒரு சென்டிமீட்டர் அகலமுள்ள வளைந்த பரப்பு. 1/24 காரின் மட்கார்டும் அதேதான். அவர்களுக்கென்று செய்த சாமான் தெருவுக்குத் தெரு குவிந்து கிடக்க, நாம் அதே சாமானுக்கு வேறு பெயர் ஒட்டின டப்பாவைக் கப்பலில் வரவழைக்கிறோம்.

கிட் விலை வேறு கதை, அதில் நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. ஜப்பானில் ஷிசுவோகாவில் இருக்கும் டமியா மாதிரிக் கம்பெனிகள் செய்து, அங்கிருந்து வர வேண்டும். சுங்க அட்டவணையில் பொம்மையும் ஸ்கேல் மாடலும் 9503 என்ற ஒரே தலைப்பில் கிடக்கின்றன. பொம்மைக்கான அடிப்படை இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. உள்ளூர்ப் பொம்மைத் தொழில் பிழைக்கட்டும் என்று போட்ட வரி, அதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஐம்பது வயதில் உட்கார்ந்து பீட்டில் கட்டுகிறவனும் அதே வண்டியில் ஏற்றப்பட்டுவிட்டான். வருடத்துக்கு இரண்டு கிட், அவ்வளவுதான் என் சக்தி. அதனால்தான் சாமானில் மிச்சம் பிடிக்க வேண்டியிருக்கிறது.

முதல் தடவை ஃபேன்ஸி ஸ்டோருக்குள் போனபோது கூச்சமாகத்தான் இருந்தது. வளையல் அடுக்குக்கும் ஹேர் கிளிப் அட்டைக்கும் நடுவில் நின்றுகொண்டு நக ஆர்ட் செட் கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண், "யாருக்குங்க சார், பாப்பாவுக்கா?" என்றாள். "இல்லம்மா, எனக்குத்தான்" என்றேன். ஒரு நொடி என் விரல்களைப் பார்த்தாள். "காருக்கு" என்று சேர்த்துச் சொன்னேன், அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. இப்போது அந்தக் கடையில் எனக்குப் பெயரே கார் சார். புதுச் சரக்கு வந்தால், "சார், இது உங்க காருக்கு ஆகுமுங்களா பாருங்க" என்று தனியாக எடுத்து வைக்கிறார்கள்.

அங்கே முதலில் வாங்க வேண்டியது நகம் தேய்க்கும் அரம். அதிலும் கண்ணாடி அரம் ஒன்று விற்கிறது, கண்ணாடிப் பட்டையின் மேல் பொடிப்பொடியாகச் செதுக்கி வைத்திருப்பார்கள். மாடல் கடையில் இதே சங்கதி வேறு உறையில் பல மடங்கு விலை. ஸ்ப்ரூவிலிருந்து நறுக்கின இடத்தில் ஒரு சின்ன மரு மாதிரி துருத்திக்கொண்டு நிற்குமே, அதைக் கண்ணாடி அரத்தால் நாலு இழுப்பு இழுத்தால் கீறலே இல்லாமல் போய்விடும், உப்புத்தாள் தேய்த்த சாம்பல் தடம்கூட விழாது. அப்புறம் நாலு பக்கமும் நாலு நிறத்தில் இருக்கும் நக பஃபர் கட்டை. சொரசொரப்பான பக்கத்தில் ஆரம்பித்து மினுக்கும் பக்கத்தில் முடித்தால், முன் கண்ணாடியில் விழுந்த கீறல் போயே போய்விடும். அதை அரை விரல் அகலத்துக்கு நறுக்கி வைத்துக்கொண்டால் கதவு இடுக்கு, பம்பர் மடிப்பு எல்லாவற்றுக்குள்ளும் போகும். ஒரு கட்டை எனக்கு மூன்று கார் வருகிறது.

பிடிப்பதற்குப் புருவம் பிடுங்கும் ட்வீசரை மட்டும் வாங்காதீர்கள். அதன் வாய் அகலம், சின்னப் பாகத்தை எலுமிச்சங்கொட்டை மாதிரித் தெறிக்க விட்டுவிடும், அப்புறம் முட்டி போட்டுக்கொண்டு மொசைக் தரையில் டார்ச் அடித்துத் தேட வேண்டியதுதான். ஒட்டு இமை வைக்கிறவர்கள் பயன்படுத்தும் ஊசி முனை ட்வீசர் இருக்கிறது, நேராக ஒன்று, வளைந்தது ஒன்று. அதுதான் வேண்டும். பழைய ஆசாரிகள் சாமணம் என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள், அந்தக் கைக்கு அடக்கமான பிடி இதில் இருக்கிறது.

அடுத்தது புள்ளிக் குச்சி. ரெண்டு முனையிலும் பொடிக் குண்டு வைத்த, பென்சில் நீளக் குச்சி, நகத்தில் புள்ளி வைப்பதற்கு. ஐந்து அளவில் ஐந்து குச்சி ஒரே பாக்கெட்டில் வரும். இது இல்லாமல் இப்போது எனக்கு வேலையே ஓடாது. டேஷ்போர்டு மீட்டருக்குள் வெள்ளைப் புள்ளி, இண்டிகேட்டருக்கு ஆரஞ்சுப் பொட்டு, டெக்கால் ஸ்டிக்கரை வளைவுக்குள் அமுக்குவது, எல்லாம் இதில்தான். தூரிகையில் புள்ளி வைத்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சைஸில் வரும். குண்டு முனையில் பெயின்டைத் தொட்டு வைத்தால் பத்தும் அச்சடித்த மாதிரி.

அதே குச்சியால் ஹெட்லைட் செய்வதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. சாவிக்கொத்து, கம்மல் எல்லாம் ரெசினில் செய்கிறார்களே, அதற்கு விற்கும் யு.வி. ரெசின் ஒரு சின்னப் பாட்டில் வாங்குங்கள். ஜெல் நகப்பூச்சைக் காய வைக்கும் குட்டி யு.வி. விளக்கு ஒன்று. ஹெட்லைட் குழிக்குள் வெள்ளிப் பெயின்ட் அடித்துக் காய வைத்துவிட்டு, குண்டு முனையில் ஒரு சொட்டு ரெசினைத் தொட்டுக் குழியின் நடுவில் விடுங்கள். தாமரை இலையில் தண்ணீர் நிற்பது மாதிரி அது தானே குவிந்து நிற்கும். குமிழி இருந்தால் ஊசியால் குத்தி எடுத்துவிடுங்கள். ஓரத்தில் வழிந்தால் பஞ்சுக் குச்சியால் துடைத்துவிட்டு மறுபடி விடலாம், விளக்கையோ வெயிலையோ காட்டும் வரை அது இறுகாது, அவசரமே இல்லை. அப்புறம் விளக்குக்குக் கீழே ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம். கல் மாதிரி ஆகிவிடும். கிட்டில் வரும் கண்ணாடித் துண்டு எப்போதும் கொஞ்சம் தடிமனாக, பூதக்கண்ணாடி வைத்த மாதிரி முழிக்கும். இதில் பீட்டிலுக்கு உயிர் வந்துவிடுகிறது. பின் விளக்குக்கு வேண்டுமானால் ஆரிக் கல்லில் சிவப்புப் பட்டைக் கல் எடுத்து ஒட்டிப் பார்க்கலாம், சில காருக்குப் பொருந்தும், சிலதுக்கு கல்யாண ஜாக்கெட் மாதிரி மினுக்கிக்கொண்டு நிற்கும்.

ஸ்டிக்கர் பொட்டை மறந்துவிட்டேனே. சக்கரத்தின் நடு வட்டம் வெள்ளி, சுற்றிலும் வேறு நிறம் என்று வந்தால் நடுவை மறைத்துக்கொண்டு ஸ்ப்ரே அடிக்க வேண்டும். இதற்கென்று வட்ட வட்டமாக வெட்டின மாஸ்க் தாள் தனியாக விற்கிறார்கள். பொட்டு அட்டையில் கடுகு அளவிலிருந்து ஒரு ரூபாய் அளவு வரை வட்டம் இருக்கிறது. புதுப் பொட்டில் ஒரு சிக்கல், பசை ஜாஸ்தி, உரிக்கும்போது கீழே இருக்கிற பெயின்டையும் இழுத்துக்கொண்டு வரும். அதற்கு எங்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடியில் வழி இருக்கிறது. ராத்திரி எடுத்துக் கண்ணாடி ஓரத்தில் ஒட்டி வைத்த பொட்டுகள் வரிசையாக இருக்குமே, ரெண்டு மூன்று நாள் நெற்றியில் இருந்துவிட்டு வந்த பொட்டு, அதில் பசை சரியான பதத்துக்கு இறங்கியிருக்கும். லேசாக ஈரத்துணியால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். நாலு சக்கரத்துக்கு நாலு பொட்டு. "கண்ணாடியில் இருந்த பொட்டெல்லாம் எங்கே?" என்று கேள்வி வரும்போது பதில் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆரி டப்பா தனி உலகம். அதில் ஜர்தோசி என்று ஒன்று இருக்கிறது தெரியுமா? முடி மாதிரிக் கம்பியை நெருக்கமாகச் சுருட்டி, உள்ளே ஓட்டையோடு இருக்கும், குட்டி ஸ்பிரிங். அதைத் துண்டு துண்டாக நறுக்கி ஊசியில் கோத்து இலை, மயில் என்று தைப்பார்கள். ஒரு நாள் மனைவி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தபோது (ஏழெட்டுப் பெண்கள் வந்து கற்றுக்கொள்கிறார்கள்) தரையில் விழுந்த வெள்ளி ஜர்தோசித் துண்டு என் காலில் ஒட்டிக்கொண்டது. எடுத்துப் பார்த்தால் ரேஸ் காரில் பெட்ரோலுக்கும் ஆயிலுக்கும் போகும் கம்பிப் பின்னல் குழாய் அப்படியே. வெளிநாட்டில் மாடலுக்கென்று பின்னின குழாயை அரை அடி, முக்கால் அடி என்று அளந்து விற்கிறார்கள். நம்மூர்த் தையல் சாமான் கடையில் ஜர்தோசியை எடை போட்டுத் தருகிறார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: சும்மா வளைத்தால் சுருள் விரிந்து பல்லைக் காட்டும். உள்ளே ஒரு செம்புக் கம்பியை நுழைத்துவிட்டு வளைத்தால் வளைத்த இடத்தில் நிற்கும்.

அந்தச் செம்புக் கம்பிக்குக் கோயம்புத்தூர்க்காரன் காசு கொடுக்கிறான் என்றால் அவன் ஊர் மானத்தை வாங்குகிறான் என்று அர்த்தம். பம்ப்செட் ஊர் இது, காயில் கட்டும் கடை இல்லாத வீதி ஏது? பழைய மோட்டாரிலிருந்து உருவின கம்பியில் ஒரு முழம் கேட்டால் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவார்கள். ஸ்பார்க் பிளக் வயர் நிஜத்தில் 7 மில்லிமீட்டர் தடிமன், 24ஆல் வகுத்தால் 0.29. 30ஆம் நம்பர் கம்பி 0.315 மில்லிமீட்டர். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எஞ்சின் வைத்து வரும் கிட்டில் இப்படி நாலு வயர் இழுத்துவிட்டால், பார்க்கிறவர்கள் வேறு எதையும் கவனிக்காமல் அதையே பார்ப்பார்கள். பழைய கார் எஞ்சினில் எது எங்கே போகிறது என்று சந்தேகம் வந்தால் அவிநாசி சாலையில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறது, ஒரு நாள் போய் நின்று பார்த்துவிட்டு வரலாம், அந்தக் காலத்துக் கார் எப்படி இருந்தது என்று கண்ணில் ஏறினால்தான் கையில் வரும்.

ராலி காருக்கு சீட் பெல்ட் ரிப்பனில். பந்தயப் பெல்ட் மூன்று அங்குல அகலம், 76 மில்லிமீட்டர், 24ஆல் வகுத்தால் மூன்றே சொச்சம். ஃபேன்ஸி ஸ்டோரில் பூங்கொத்துக்குக் கட்டும் மிக ஒல்லியான சாட்டின் ரிப்பன் 3 மில்லிமீட்டர். சாதாரணக் காரின் பெல்ட் கிட்டத்தட்ட 48 மில்லிமீட்டர், அது ரெண்டு மில்லிமீட்டர் ஆகிறது, அதற்குக் குவில்லிங் செய்யும் காகிதப் பட்டையில் ஒல்லியானது போதும். ரிப்பனைத் திருப்பிப் போட்டு ஒட்டுங்கள். பளபளக்கும் பக்கம் மேலே இருந்தால் பொம்மை மாதிரி இருக்கும், மங்கலான பின்பக்கம் மேலே வந்தால்தான் நெய்த பெல்ட் மாதிரி இருக்கும். வெட்டும் இடத்தில் முதலில் ஒரு துளி ஃபெவிகால் வைத்து, காய்ந்தபின் வெட்ட வேண்டும். தையல்காரர் மாதிரி நெருப்பில் காட்டினால் மூன்று மில்லிமீட்டர் ரிப்பன் ஒரு உருண்டையாகிவிடும், நான் காட்டினேன்.

தரைக் கம்பளத்துக்கு நக ஆர்ட்டுக்கு விற்கும் வெல்வெட் பவுடர். தண்ணீர் கலந்த ஃபெவிகாலைத் தடவி, டீ வடிகட்டியில் பவுடரைப் போட்டுத் தட்டி, காய்ந்தபின் கவிழ்த்து உதறினால் கம்பளம். இதற்கு முன்னால் புத்திசாலித்தனமாகக் கலர் கோலப்பொடி தூவிப் பார்த்தேன். ஒரு பரல் கால் மில்லிமீட்டர் என்றாலும் 24 மடங்கில் ஆறு மில்லிமீட்டர் ஆகிறது, காருக்குள் ஜல்லி கொட்டின மாதிரி இருந்தது.

டயர் தூசிக்கும் சைலன்ஸர் கரிக்கும் ஐஷேடோ. காலாவதியானதே போதும், மினுமினுப்பு இல்லாத பழுப்பும் கறுப்பும் பாருங்கள். இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள், ஆனால் டமியாவே அழுக்கு பூசுவதற்கென்று விற்கும் பொருளைத் திறந்து பாருங்கள், மூன்று வண்ணக் கட்டி, கூடவே ஒரு ஸ்பாஞ்சு குச்சி, அச்சு அசல் மேக்கப் டப்பா.

பீட்டிலின் இடுப்பில் ஓடும் குரோம் பட்டைக்கு சாக்லேட் சுற்றி வரும் மெல்லிய ஃபாயில் எடுத்தேன், அடுக்களை ஃபாயில் கொஞ்சம் தடிமன். பின்பக்கம், கிராஃப்ட் கடையில் தங்க இலை ஒட்டுவதற்கு விற்கும் பசை. அது காய்ந்த பிறகும் ஒட்டும் தன்மை போகாது, அதுதான் இதில் விசேஷம். பட்டையின் மேல் போட்டுப் பஞ்சுக் குச்சியால் நீவி, ஓரத்தில் மட்டும் புள்ளிக் குச்சியால் அழுத்தி, புது பிளேடால் ரெண்டு பக்கமும் கோடு இழுத்து உரித்தால் அரை மில்லிமீட்டர் சொச்சத்துக்கு நிஜ உலோகப் பட்டை. இனிப்புக் கடை வெள்ளி இலையை வைத்தும் முயன்றேன், மூச்சு விட்டதும் காணாமல் போனது.

எல்லாமே சரியாக வந்தது என்று நினைக்காதீர்கள். தையல்காரர் துணியில் கோடு போடும் பல் சக்கரத்தை சீட்டில் தையல் போட்ட மாதிரிக் காட்டலாம் என்று உருட்டினேன். பல்லுக்குப் பல் ரெண்டரை மில்லிமீட்டர், நிஜத்தில் ஆறு சென்டிமீட்டருக்கு ஒரு தையல், கோணிச் சாக்கு. ஊசியால் கையால் குத்துவதுதான் வழி. ஐந்து ரூபாய் உடனடிப் பசையால் முன் கண்ணாடியை ஒட்டினேன், காலையில் பார்த்தால் கண்ணாடி முழுக்க வெள்ளைப் பனி. பசை பட்ட இடத்தில் மட்டும் என்று நினைத்தேன், அதன் ஆவி பட்ட இடமெல்லாம் படிந்திருந்தது. அன்றையிலிருந்து கண்ணாடிக்கு ஃபெவிகால்தான், அதுவும் மருதாணி போடும் ஊசிமூக்கு பாட்டிலில் ஊற்றி, கோன் போடுவது மாதிரி ஓரத்தில் இழுக்கிறேன், காய்ந்தால் நிறமில்லாமல் போய்விடும்.

பெரிய அடி நகப்பூச்சில் பட்டது. முத்து வெள்ளை நிறம், அவ்வளவு அழகு, மாடல் பெயின்டில் அப்படி ஒன்று கிடைக்கவே கிடைக்காது. நேராகப் பிளாஸ்டிக் மேல் பூசினேன். பத்து நிமிஷத்தில் பானெட் முழுக்க ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரிச் சுருங்கிவிட்டது. நகப்பூச்சில் இருப்பது எத்தைல் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட், அதெல்லாம் பாலிஸ்டைரீனைக் கரைக்கும். மாடல் ஒட்டும் சிமென்ட்டே அந்த வகையறாதான், பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான் ஒட்டுகிறது. ஆக நான் கார் முழுக்க சிமென்ட் பூசியிருக்கிறேன். இப்போது முதலில் நல்ல பிரைமர் ரெண்டு கோட், ஒரு நாள் காய விட்டு, நகப்பூச்சை லேக்கர் தின்னரில் பால் பதத்துக்குக் கரைத்து, கேக் அலங்காரத்துக்கு விற்கும் குட்டி ஏர்பிரஷ்ஷில் மெல்லிசாக நாலைந்து தடவை தூவுகிறேன். ஜிகினா போட்ட நகப்பூச்சு மட்டும் வேண்டாம், அந்தத் துகள் 1/24இல் ஐந்து ரூபாய் நாணயம் மாதிரித் தெரியும். இன்னொன்று, இந்த வேலையை அடுக்களையில், கேஸ் அடுப்புப் பக்கத்தில் செய்யவே கூடாது. மொட்டை மாடியிலோ ஜன்னல் திறந்த அறையிலோ, ரசாயன ஆவியைப் பிடிக்கும் ஃபில்டர் வைத்த மாஸ்க் போட்டுக்கொண்டு செய்யுங்கள், துணி மாஸ்க் இதற்கு உதவாது. ரெசினைத் தொடும்போது கையுறையும் வேண்டும், இறுகாத ரெசின் பட்டுப் பட்டு அலர்ஜி பிடித்தவர்கள் இருக்கிறார்கள்.

எதில் மிச்சம் பிடிக்கக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இருக்கும் அந்த மூன்று: மாடலுக்கென்றே வரும் மெல்லிய சிமென்ட், பிரைமர், மாஸ்கிங் டேப். ஹார்டுவேர் கடை டேப்பில் ஓரத்தில் பெயின்ட் கசியும், மூன்று தடவை ஏமாந்தபின் விட்டுவிட்டேன். நறுக்குவதற்கு எலக்ட்ரானிக்ஸ் கடையில் சர்க்யூட் போர்டு கால் வெட்டும் குட்டிக் கட்டர் போதும், பாகத்தை ஒட்டி ஒரேயடியாக வெட்டாமல் தள்ளி ஒரு வெட்டு, அப்புறம் கிட்டத்தில் ஒரு வெட்டு என்று வெட்டினால் பிளாஸ்டிக் வெளுக்காது.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த முறை இந்த மாதிரி எதைப் பற்றி எழுதினாலும், அது கார் மாடலோ, புத்தகம் பைண்டிங்கோ, மரச் செதுக்கலோ, விலைப் பெட்டி போடுகிறவரை எழுதுவதற்கு முன் ஒரு மணி நேரம் கடைவீதியில் நடக்கச் சொல்லுங்கள். 'இந்தக் கருவி என்ன வேலை செய்கிறது, அதே வேலையை வேறு எந்தத் தொழிலில் செய்கிறார்கள்' என்று ரெண்டு வரி சேர்த்தால் போதும். காசு கொழுத்தவர்கள் விளையாட்டு என்று எழுதிய வாசகருக்கும் சொல்லிக்கொள்கிறேன், முதல் காரை பிளேடு, கண்ணாடி அரம், ஒட்டு இமை ட்வீசர், சிமென்ட் இவ்வளவு மட்டும் வைத்துக் கட்டிப் பாருங்கள், பெயின்ட்கூட அடிக்க வேண்டாம். பிடித்திருந்தால் மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம், பிடிக்கவில்லை என்றால் அரமும் ட்வீசரும் வீட்டில் யாருக்காவது உதவும்.

கடிதம் நீளமாகிவிட்டது, எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள். கோலப்பொடி சமாச்சாரத்தை முதலில் வெட்டினாலும் எனக்கு வருத்தம் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்ப்பதற்கு முன் மனைவி படித்துப் பார்த்தார். ஆரிக் கத்திரியால் கூல் டிரிங்க்ஸ் டின்னை வெட்டி சீட் பெல்ட்டுக்குக் கொக்கி செய்ததை மட்டும் ஏன் எழுதவில்லை என்று கேட்கிறார். வெட்டினேன். கத்திரியின் வாய் போய்விட்டது, புதுசு வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. பழைய கத்திரி இப்போது என் டப்பாவில் இருக்கிறது.